வெயில் ஒரு கம்பெனிக்கு, சாம்பல் நமக்கா?

(நெய்வேலி நகரியத்தில் சுரங்க, ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் மின்சாரம். மின்சாரத்தைப் பற்றி நெய்வேலிக்காரர்களுக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. கரியை வெட்டுவது நீங்கள். கொதிகலனை எரிப்பது நீங்கள். அதன் சாம்பலை மூச்சில் வாங்குவதும் நீங்கள். ஆனால் சில வருஷங்களாகப் பத்திரிகைகளில் ஒரு வார்த்தை அடிபடுகிறது: "சுத்தமான மின்சாரம்". வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுப்பது சுத்தம், கரியிலிருந்து எடுப்பது அசுத்தம்; ஆகவே கரியை நிறுத்தியாக வேண்டும் என்கிறார்கள். இதைக் கேட்டதும் சுரங்கத் தொழிலாளி, "அப்படியானால் என் வேலை?" என்கிறார். வளையமாதேவியில் நிலம் போன விவசாயி, "நல்லதாகப் போயிற்று, சீக்கிரம் மூடட்டும்" என்கிறார். இரண்டு பேரும் இதே பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குள் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. உங்கள் இருவரையும் மோதவிட்டுவிட்டு, நடுவில் யார் கணக்கை முடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் பேசப் போகிறோம்.

விஞ்ஞானிகள் சொல்வது உண்மையா, இதுவும் ஒரு வியாபாரத் தந்திரமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். கரியை எரித்தால் கரியமில வாயு உண்டாகிறது. அது ஆகாயத்தில் தங்கி, பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வை போல மூடுகிறது. நம் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஈர விறகு எரிப்பதைப் போலத்தான். ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கறுப்புக் கரியைவிட அதிகம் எரிக்க வேண்டும், வாயுவும் அதிகம். 2011 டிசம்பரில் தானே புயல் இந்த ஜில்லாவின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2015 நவம்பரில் ஒரே நாளில் கொட்டிய மழை உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஒவ்வொரு புயலையும் கரியின் தலையில் கட்டிவிட முடியாது. ஆனால் பூமி சூடேற ஏற இப்படிப்பட்ட மழை கடுமையாகும் என்று விஞ்ஞானம் சொல்லும்போது, கூரை வீட்டில் இருக்கிறவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது.

சரி, அந்தப் போர்வையை நெய்தது யார்? தொழிற்புரட்சி நாளிலிருந்து ஆகாயத்தில் சேர்ந்த கரியமில வாயுவில் சுமார் கால் பங்கு அமெரிக்கா ஒரு நாடு விட்டது. இன்றைக்கும் அமெரிக்கர் ஒருவர் கணக்கில் வருஷத்துக்கு 14 டன்னுக்குக் குறையாமல் விழுகிறது. இந்தியர் ஒருவர் கணக்கில் சுமார் 2 டன். இந்த இரண்டு டன்னும் சராசரிதான். அதிலும் குளிர்சாதன பங்களாவுக்கு ஒரு பங்கு, மும்முடிச்சோழகன் கிராமத்துக் குடிசைக்கு ஒரு பங்கு. குடிசையின் பங்கு என்னவென்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவும் தெரிந்த அமெரிக்கா, கரியமில வாயுவைக் குறைக்க உலக நாடுகள் 2015ல் பாரிஸில் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒரு சத்திரம்போல நடத்துகிறது. டிரம்ப் வந்தால் வெளியே போகிறது. பைடன் வந்தால் உள்ளே வருகிறது. 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடியும் பதவியேற்ற அன்றே வெளியேறும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளியின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நாம் இனி நடக்கப் போகும் பாதையில் அவர் முன்னாலேயே நடந்து, கல்லும் முள்ளும் எங்கே இருக்கின்றன என்று காட்டிவிட்டார். அதனால்தான்.

மேற்கு வர்ஜீனியா, கெண்டக்கி என்ற ராஜ்யங்கள் மலையும் சுரங்கமும் ஏழ்மையும் நிறைந்தவை. 1920களில் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் எட்டு லட்சம் பேருக்கு மேல் உழைத்தார்கள். இப்பொழுது சுமார் 40 ஆயிரம் பேர். இந்த வீழ்ச்சியில் பெரும்பகுதி, சுத்தமான மின்சாரம் என்ற பேச்சு பிறப்பதற்கு முன்பே நடந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். யந்திரம் வந்தது, மலை உச்சியையே வெடிவைத்துத் தகர்த்துக் கரி எடுக்கும் முறை வந்தது, ஆள் குறைந்தது. பிற்பாடு பாறையைப் பிளந்து எடுக்கும் எரிவாயு மலிவாகக் கிடைத்தது, காற்றாலையும் சூரியத் தகடும் வந்தன. 2007ல் அமெரிக்க மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி கரியிலிருந்து வந்தது. 2023ல் அது ஆறில் ஒரு பங்காகிவிட்டது.

2016 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளின்டன், புதிய மின்சாரம் புதிய வேலை தரும் என்று பேசிக்கொண்டே, கரித் தொழிலாளர்களும் கம்பெனிகளும் தொழிலை இழக்கப் போகிறார்கள் என்றும் சொல்லிவைத்தார். அவர் முழுப் பேச்சின் கருத்து வேறு. சுரங்க ஊர்களின் காதில் விழுந்தது அந்த ஒரு வாக்கியம்தான். எதிரே டிரம்ப் சுரங்கத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வேலையைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்றார். மேற்கு வர்ஜீனியா ஓட்டை அள்ளிக் கொடுத்தது. நான்கு வருஷம் ஆண்டார். இறங்கும்போது சுரங்க வேலைகள் அவர் ஏறும்போது இருந்ததைவிடக் குறைவு.

அந்த ஆட்சியிலேயே, 2019 ஜூலை 1ந் தேதி, பிளாக்ஜுவல் என்ற கரிக் கம்பெனி திவால் மனுப் போட்டது. தொழிலாளிகள் வாங்கிய சம்பளச் செக்குகள் பாங்கிலிருந்து திரும்பி வந்தன. வீட்டு வாடகைக்கும் கார்த் தவணைக்கும் அந்தச் செக்கை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். சில வாரங்கள் கழித்துக் கெண்டக்கியின் ஹார்லன் பகுதியில், தாங்கள் வெட்டிய கரி ரயிலேறி விற்பனைக்குப் போவதைப் பார்த்தார்கள். கூலி வராத கரி எப்படிப் போகும்? தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். மனைவி மக்களோடு கூடாரம் அடித்து ஏறக்குறைய இரண்டு மாதம் மறித்தார்கள். அதற்குப் பிறகுதான் பாக்கிச் சம்பளம் அசைந்தது. டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர்களும் அந்தத் தண்டவாளத்தில் இருந்தார்கள்.

2025 ஏப்ரலில், மீண்டும் ஜனாதிபதியான டிரம்ப், தொப்பி போட்ட சுரங்கத் தொழிலாளிகளைப் பின்னால் வரிசையாக நிறுத்திவைத்து, "அழகான சுத்தமான நிலக்கரி"யைக் காப்பாற்றும் உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டார். படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதே ஏப்ரலில் நடந்த வேறு இரண்டு காரியங்கள் அந்தப் படத்தில் இல்லை. சுரங்கத்தில் பாறைத் தூசியைக் கட்டுப்படுத்தும் புதிய விதி தள்ளிவைக்கப்பட்டது. கரித்தூசியால் வரும் கறுப்பு நுரையீரல் நோயைப் பரிசோதிக்கும் சர்க்கார் நிலையத்தின் ஊழியர்களுக்கு வேலைநீக்க நோட்டீஸ் போயிற்று. ஒரு சுரங்கத் தொழிலாளி கோர்ட்டுக்குப் போன பிறகே அந்தப் பரிசோதனை உயிர் பிழைத்தது. அந்த நோய்க்கு நஷ்டஈடு கேட்டு 1969ல் மேற்கு வர்ஜீனியாவில் சுமார் 40 ஆயிரம் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்துதான் சட்டம் வாங்கினார்கள். கரி அழகாக இருக்கலாம். அதை வெட்டுகிறவனின் நுரையீரலைப் பற்றிப் பேச்சே இல்லை.

எதிர்த்தரப்பு என்ன செய்தது? 2022ல் பைடன் சர்க்கார் கொண்டுவந்த சட்டம், மூடிய சுரங்க ஊர்களில் சூரிய, காற்று நிலையங்கள் கட்டுகிற கம்பெனிகளுக்குக் கூடுதல் வரிச்சலுகை கொடுத்தது. கெட்ட சட்டம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் சலுகை போய்ச் சேர்ந்த இடம் கம்பெனியின் கணக்குப் புத்தகம். வேலை போனவனுக்கு அதில் நேராக எழுதிக் கொடுத்த உரிமை எதுவும் இல்லை. 2025 ஜூலையில் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் காற்று, சூரிய மின்சாரச் சலுகைகளில் பெரும்பகுதியை வெட்டிவிட்டது.

ஒன்றை மட்டும் இன்னும் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நெய்வேலி வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. பீபாடி என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய கரிக் கம்பெனி. அது 2007ல் தன் உடம்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி "பேட்ரியட் கோல்" என்று புதுக் கம்பெனியாக்கியது. தேசபக்தன் என்று பெயர்! நல்ல சுரங்கங்கள் தாய்க் கம்பெனியிடம். பழைய சுரங்கங்களும், ஓய்வுபெற்ற ஆயிரக்கணக்கான தொழிலாளிகளின் வைத்தியச் செலவுக் கடமையும் தேசபக்தனிடம். அந்த முதியவர்களில் பெரும்பாலோர் புதுக் கம்பெனிக்கு ஒரு நாள்கூட வேலை செய்தவர்கள் அல்ல. ஐந்தே வருஷம், 2012ல் பேட்ரியட் திவால். கடமையை ரத்து செய்யக் கோர்ட்டில் அனுமதி கேட்டார்கள். சுரங்கத் தொழிலாளர் சங்கம் பீபாடியின் வாசலுக்கே போய் மறியல் செய்து, ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போய், 2013ல் 31 கோடி டாலர் கொடுக்க வைத்தது. சங்கம் இல்லாதிருந்தால் அந்தக் கிழவர்களுக்கு மருந்துச் சீட்டுதான் மிஞ்சியிருக்கும்.

நெய்வேலிக்கு வருவோம்

1935ல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது பழுப்புப் பொருள் வெளிவந்ததும், 1956ல் கார்ப்பொரேஷன் பிறந்ததும், 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்ததும் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். மேற்கு ஜெர்மனியிலிருந்து பக்கெட் சக்கர யந்திரங்கள் வந்தன. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962ல் ஓடத் தொடங்கி, 600 மெகாவாட்டாக வளர்ந்து, 2020 செப்டம்பர் 30ல் கடைசி யூனிட்டும் நின்றுபோயிற்று. ஆக, ஒரு அனல்நிலையம் மூடுவது நமக்குப் புதிதல்ல. அப்பொழுது பக்கத்தில் 1,000 மெகாவாட் புது நிலையம் வந்துகொண்டிருந்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு மாற ஒரு இடம் இருந்தது. அடுத்த நிலையம் மூடும்போது அப்படிப் பக்கத்தில் ஒன்று இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? நிரந்தரத் தொழிலாளிக்கே இந்தக் கதியென்றால் ஒப்பந்தத் தொழிலாளியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காண்டிராக்டர் மாறுவார், பலகை மாறும். இருபது வருஷம் அதே கன்வேயரில் நின்றவர் ஏட்டில் நேற்று வந்தவராக இருப்பார்.

அதே 2020ல், மே 7லும் ஜூலை 1லும், இரண்டாம் அனல்நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. ஜூலையில் ஆறு பேர் அன்றே மாண்டார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் மேலும் பலர் அடுத்தடுத்த நாட்களில் போய்விட்டார்கள். நிரந்தரமும் ஒப்பந்தமும் அந்த நெருப்பில் வித்தியாசம் பார்க்கப்படவில்லை. வித்தியாசமெல்லாம் உயிரோடு இருக்கும்போது சம்பளச் சீட்டில்தான்.

வேலியின் அந்தப் பக்கம் பாருங்கள். 2023 ஜூலை 26ந் தேதி வளையமாதேவியில், பரவனாற்றுக்குப் புதுக் கால்வாய் வெட்டவென்று, கதிர் பிடிக்கும் பருவத்தில் இருந்த நெற்பயிரின்மேல் மண்வெட்டும் யந்திரங்களை இறக்கினார்கள். நிலம் 2006 முதல் 2013க்குள் எடுக்கப்பட்டது, பயிர் வைக்காதே என்று சொன்னோம், சுரங்கத்து நீர் வெளியேற வழி வேண்டும் என்பது நிர்வாகத்தின் பதில். அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுக்க முடியாதா என்று சென்னை ஹைகோர்ட் நீதிபதியே மனம் நொந்து கேட்டார். பயிருக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வயலில் நாற்று நட்ட பெண்களுக்கு? களை எடுத்தவர்களுக்கு? கரிவெட்டியிலும் கத்தாழையிலும் பட்டா இல்லாத குடும்பம் எத்தனை? ஏக்கர் இருந்தால்தானே ஏக்கருக்கு இவ்வளவு என்று பேச முடியும். 2013ஆம் வருஷத்து நிலம் எடுப்புச் சட்டம், மூன்று வருஷம் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயக் கூலிக் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இது அதற்கு முன்னால் எடுத்த நிலம் என்று கையை விரிப்பார்கள். யந்திரம் இறங்கியது 2023ல் என்பதை நாம் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் ஆலைக்குள்ளே ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரம் கேட்டுப் போராடினார்கள், வேலிக்கு வெளியே விவசாயிகள் போராடினார்கள். ஒருவர் பந்தலுக்கு மற்றவர் போகவில்லை. "இவர்களால்தான் சுரங்கம் நிற்கும்" என்று உள்ளேயும், "இவர்கள் சோற்றுக்காக நம் சோறு போகிறது" என்று வெளியேயும் பேச்சு. நிர்வாகத்துக்கு இதைவிடச் செலவில்லாத காவல் எது?

தண்ணீர் விஷயத்திலும் இருவருக்கும் ஒரே கயிறுதான். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இராப்பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தளம் பிளந்து மேலே கிளம்பாமல் இருக்கும். அந்த நீரில் ஒரு பகுதி சென்னைவரை போயிருக்கிறது. ஒரு பகுதி வாலாஜா ஏரிக்கும் பரவனாற்றுப் பாசனத்துக்கும் போகிறது. மறுபுறம் கிராமத்து ஆழ்குழாய்க் கிணறுகள் கீழே கீழே இறங்குகின்றன. 2023ல் பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வு, சுற்றுக் கிராமங்களின் நீரில் பாதரசம் உள்ளிட்ட விஷங்களைக் காட்டியது; பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே அதை வழக்காக எடுத்தது. "மூடட்டும்" என்கிற விவசாயத் தோழரும் யோசிக்க வேண்டும்: பம்பு நின்ற மறுநாள் இந்த வாய்க்காலுக்கு நீர் எங்கிருந்து வரும்? தோண்டிப்போட்ட பள்ளத்தை யார் மூடுவது? மூடிய மண் யாருக்கு? ஜெயங்கொண்டத்தில் பழுப்புக் கரிக்கென்று எடுத்த நிலத்தை, திட்டம் நடக்காமல் போய், வருஷக்கணக்கில் மக்கள் விடாமல் நின்ற பிறகு, திருப்பிக் கொடுப்பதென்று ராஜ்ய சர்க்கார் முடிவெடுத்தது. தோண்டாத நிலத்துக்கு முடியுமென்றால், தோண்டி மூடிய நிலத்துக்கும் கேட்கலாம்.

இரண்டு கம்பெனிகள்

இப்பொழுது பேட்ரியட் கதையை நினைவில் வையுங்கள். என்.எல்.சி. சும்மா இல்லை. சூரிய மின்சாரத்தில் 1,000 மெகாவாட்டைத் தாண்டிய முதல் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் ஒன்று. தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர், ராமநாதபுரம் ஜில்லாக்களில் அதன் தகடுகள் பளபளக்கின்றன. நெய்வேலியிலேயும் 140 மெகாவாட் இருக்கிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். பொதுத்துறை வெயிலைப் பிடிக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கமுதியைப் போல அதானி பிடிப்பார்.

ஆனால் 2023ல் இந்தச் சூரிய, காற்று மின்சாரத்துக்கென்று தனிக் கம்பெனிகள் பதிவாயின. 2025 ஜூலையில் அவற்றில் ஒன்றான என்.எல்.சி. இந்தியா ரினியூவபிள்ஸில் 7,000 கோடி ரூபாய் முதலீடு செய்ய மத்திய மந்திரிசபை வழிவிட்டது. அதன் பங்குகளைச் சந்தையில் விடும் யோசனையும் அறிவிக்கப்பட்டது. அந்த 7,000 கோடி எங்கே சம்பாதித்தது? நெய்வேலிக் கரியில், உங்கள் ஷிப்டில், இந்தக் கிராமங்களின் மண்ணில். வெயில் ஒரு கம்பெனியாகவும், சுரங்கப் பள்ளம், சாம்பல் மேடு, பென்ஷன், நஷ்டஈட்டு வழக்குகள் எல்லாம் இன்னொரு கம்பெனியாகவும் பிரிந்து நின்றால், கரி ஓய்கிற நாளில் எந்த வாசலில் போய்க் கேட்பது? பீபாடி செய்ததை இவர்கள் செய்துவிட்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. செய்ய முடியாதபடி கையெழுத்து வாங்கி வைப்போம் என்கிறோம்.

பங்கு விற்பனையை நெய்வேலி தடுத்திருக்கிறது. 2006ல் பத்து சதவிகிதம் விற்க முடிவு செய்தார்கள். நீங்கள் வேலைநிறுத்தம் செய்தீர்கள், டில்லி நிறுத்திவைத்தது. 2013ல் மறுபடி வந்தார்கள், மறுபடி வேலைநிறுத்தம், கடைசியில் 3.56 சதவிகிதம் தமிழ்நாட்டு சர்க்கார் நிறுவனங்களின் கைக்குத்தான் போயிற்று. அந்தப் போராட்டங்கள் கரிக் கம்பெனியின் பங்குக்காக நடந்தவை. கொல்லைக் கதவைப் பூட்டப் போராடினோம். புதிதாக வாசல் வைத்திருக்கிறார்கள்.

பேசும்போது ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "சூரியத் தகட்டைத் துடைக்க எத்தனை பேர் வேண்டும்? இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்குமா?" நேர்மையான கேள்வி. கிடைக்காது. தகடு பதிக்கும்போது ஆள் வேண்டும், பதித்த பிறகு சிலர் போதும். அதனால்தான் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் 2021ல், மாற்றத்தை ஏற்கிறோம், ஆனால் தகடும் காற்றாலைச் சாமானும் செய்கிற ஆலைகளைச் சுரங்க ராஜ்யங்களில் கட்டு என்று கேட்டது. ஜெர்மனியில் 2038க்குள் கரியை நிறுத்தச் சட்டம் போட்டபோது, திட்டம் வகுத்த கமிஷனில் தொழிற்சங்கமும் உட்கார்ந்திருந்தது. கரிப் பிரதேசங்களுக்கு 4,000 கோடி யூரோ ஒதுக்க வேண்டியதாயிற்று. அங்கேயும் 2023 ஜனவரியில் லுட்சராத் என்ற கிராமத்தைப் போலீஸை வைத்துக் காலி செய்து தோண்டினார்கள். ஆகவே ஜெர்மனியைக் கோயிலாக்க வேண்டாம். இங்கே கேட்கக்கூடியது இருக்கிறது: தகடு செய்யும் ஆலை, பள்ளத்தை மூடி மண்ணைப் பயிருக்குப் பக்குவப்படுத்தும் வேலை, மின்கம்பிப் பாதை வேலை. இந்திய சர்க்கார் 2021ல் கிளாஸ்கோவில் 2070 என்று நாள் குறித்துவிட்டு வந்திருக்கிறது. நெய்வேலிக்கு எந்த வருஷம் என்று மட்டும் நமக்குச் சொல்லவில்லை.

கேட்பதற்குப் பட்டியல் வேண்டும். மேடைக்கு இடப்பக்கம் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்றில் ஒப்பந்தத் தோழர்கள் எழுதுங்கள்: எந்தச் சுரங்கம், எந்தப் பிரிவு, எந்த வருஷம் முதல், இதுவரை எத்தனை காண்டிராக்டர் மாறினார், இருமலோ மூச்சுத்திணறலோ உண்டா. மற்றதில் கிராமத்துத் தோழர்கள்: நிலம் போனவர்கள் சர்வே நம்பரோடு, நிலமில்லாதவர்கள் யார் வயலில் எத்தனை வருஷம் வேலை செய்தோம் என்பதோடு. தாய்மார்கள் கணவர் பெயரில் விட்டுவிடாமல் தங்கள் பெயரில் தனியாக எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க வாலிபர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது ஷிப்ட் போகிறவர்கள் முதலில் எழுதிவிட்டுக் கிளம்பலாம்.